அதிரசத்தைக் காப்பாற்றியது கடை அடுப்பே!

நடுவர் அவர்களுக்கும், தங்கசாலைத் தெரு நெரிசலில் நீந்தி வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

'அதிரசத்தின் மரபைக் காப்பது வீட்டு அடுப்பா, கடை அடுப்பா?' இதுதான் இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய அம்மையார் தம் ஆயாவின் கைமணத்தைச் சொல்லி உங்களைக் கண்கலங்க வைத்துவிட்டார். ஆயாவை எதிர்த்து வாதாட எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் ஆயாவுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். தீபாவளி அமாவாசையில் கேதார கௌரி நோன்பு. 21 இழை நோன்புக் கயிறு, 21 வெற்றிலை, 21 அதிரசம். ஒன்றுகூடக் குறையக் கூடாது. அம்மா பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகும் முன்பே மாவாக்கினார். பாகு வெல்லம் வாங்கிக் காய்ச்சினார். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும், அதுதான் பதம். அம்மா அதற்குச் சற்று முன்பே இறக்கிவிட்டார். இரண்டு நாள் கழித்து, நோன்பன்று காலையில் வாழையிலையில் தட்டி எண்ணெயில் போட்ட முதல் அதிரசம், மணல் வீடு மாதிரி உதிர்ந்து வாணலி முழுவதும் பரவியது. இரண்டாவதும் அப்படியே. அப்பா எட்டிப் பார்த்து, "இது எந்த ஊர்ப் பலகாரம்?" என்றார். அன்று அவருக்கு மதியச் சாப்பாடு மிகத் தாமதமாகத்தான் கிடைத்தது.

மாலைக்குள் 21 வேண்டுமே! கொடுத்தது யார்? இரண்டு தெரு தள்ளி, வாசலில் அடுப்பு போட்டு ஆர்டருக்குச் சுட்டுத் தரும் அக்கா. வெந்ததை எடுத்து இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து ஓர் அழுத்து. எண்ணெய் திரும்ப வாணலியிலேயே சொட்டும். அவர் பாகைத் தண்ணீரில் விட்டுப் பார்த்ததே இல்லை. குமிழி வெடிக்கும் சத்தமே அவருக்குப் போதும். வருடத்துக்கு ஒருமுறை காய்ச்சுகிற கைக்கு அது எப்படி வரும்?

'காசுக்குச் சுட்டால் அது மரபா?' என்கிறது எதிரணி. திருமலைக்குப் போங்கள். விஜயநகர காலக் கல்வெட்டுகளில் 'அதிரசப்படி', அதாவது சாமிக்கு அதிரசப் படையல், இருக்கிறது. கோயில் பண்டாரத்தில் பணம் கட்டினார்கள். மடைப்பள்ளியில் சுட்டுப் படைத்தார்கள். பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு, 'விட்டவன் விழுக்காடு' என்று பணம் கட்டியவருக்கே போனது. ரசீதைக் கல்லிலேயே வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள், ஐயா!

மைதாவைக் கலந்து ஏமாற்றும் கடைகளும் உண்டு. கடித்து இழுத்துத் தாடை வலித்தவன் நான். அந்த வழக்கைத் தனியே போடுங்கள், நானே சாட்சி சொல்ல வருகிறேன்.

இன்னொன்று. வீட்டு அடுப்புக்குத் தன் வீட்டு ருசி மட்டுமே தெரியும். அந்த அக்காவிடம் தெலுங்கு வீட்டார் வந்து 'அரிசெலு' என்று கேட்டால், அதே மாவில் எள் ஒட்டும். மராட்டியத்தில் இதற்கே அனாரசா என்று பெயர். அங்கே கசகசா ஒட்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே கேள்வி: போன நோன்புக்கு உங்கள் வீட்டு 21 எங்கிருந்து வந்தது?

நன்றி, வணக்கம்.