சிரித்துக்கொண்டே வலித்த நெஞ்சு
(வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட பெரியவர் அவர்களே, தூறலில் காட்பாடியிலிருந்து வந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, வணக்கம். எட்டாம் வகுப்பில் எனக்கு இதயத்தைப் படம் போட்டுக் காட்டியவர் ஐயா. அவர் முன்னால் அதைப் பற்றிப் பேசக் கிடைத்தது என் பாக்கியம்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்போம். சரி, அகத்தில் மகிழ்ச்சியும் துக்கமும் ஒன்றாக இருந்தால்? கண், வயிறு, நெஞ்சு மூன்றும் அப்போது என்ன செய்கின்றன என்று சொல்லவே வந்தேன். கண்ணீர்ச் சுரப்பிக்கு ஆனந்தம், அழுகை என்ற பேதம் கிடையாது. நரம்பு தூண்டினால் சுரக்கும். பதற்றத்தில் இரத்தத்தில் கலக்கும் அட்ரினலின் என்ற சுரப்பும் அப்படித்தான், இரண்டுக்கும் ஊறும்.

குடியாத்தத்தில் என் அக்கா மகள் கல்யாணம். அக்காவுக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை. பெண்ணை வண்டியில் ஏற்றும்போதும் சிரித்த முகம்தான், கன்னத்தில் மட்டும் தண்ணீர். வண்டி தெருமுனை திரும்பியதும் வாசல் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டாள். "மார்ல கல்ல வச்ச மாதிரி இருக்குடா" என்றாள். "கேஸ்தான்" என்றார் சித்தப்பா. சோடா வந்தது, ஓமத்தண்ணீர் வந்தது, பெருங்காய மோர் வந்தது. "பொண்ணு போன ஏக்கம்" என்றாள் அத்தை. பக்கத்துக் கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள், ஈசிஜி எடுக்கவில்லை. அவள்தான் சிரித்துக்கொண்டிருந்தாளே! அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நாங்களும் நம்பிவிட்டோம். மறுநாள்தான் வேலூருக்குக் கொண்டுவந்தோம். எக்கோ என்ற இதய ஸ்கேனில் பார்த்தால், இதயத்தின் இடது கீழறை பலூன் மாதிரி உப்பியிருந்தது.

இதற்கு டகோட்சுபோ என்று பெயர். ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயர் அது. உப்பிய அறை அந்த வடிவில் இருக்கும். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருகிறது. 2016-இல் சூரிச் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சிவசப்பட்டதால் இது வந்த 485 பேரில் 20 பேருக்குக் காரணம் மகிழ்ச்சி. அக்கா சில வாரங்களில் தேறினாள். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. மாரடைப்பா, இதுவா என்று ஆஸ்பத்திரியில்தான் பிரித்துப் பார்க்க முடியும்.

வயிற்றை இன்னொரு நாள் பேசுவோம். 1900-இல், சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே கட்டிலோடு பெண்களுக்கு வைத்தியம் தொடங்கிய ஊர் இது. இங்கே ஒரு பெண் மார்பு கனக்கிறது என்றால் முதலில் ஈசிஜி, அப்புறம்தான் சோடா. நம் சுற்றுவட்டாரத்துச் சின்ன கிளினிக்குகளிலும் அந்த மெஷின் வேண்டும். கல்யாண மண்டபங்களில் 108 என்று பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். மனு வாசல் மேசையில் இருக்கிறது. தாய்மார்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள். பேனா இரண்டு வைத்திருக்கிறேன்.