கோடையில் இஞ்சித் தேநீர்: சீன மருத்துவம் சொல்வது என்ன?

நேயர்களுக்கு வணக்கம்.

"குளிர்காலத்தில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி, அப்புறம் வைத்தியரின் மருந்துச் சீட்டு எதற்கு?" என்று சீனாவில் ஒரு சொலவடை உண்டு. வெயில் மண்டையைப் பிளக்கும்போது இஞ்சியா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

கிணற்றுத் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் வெதுவெதுப்பு, சித்திரையில் ஜில்லென்று. நம் வயிறும் அப்படித்தான் என்கிறது சீன மருத்துவம். கோடையில் உடலின் சூடு, அவர்கள் 'யாங்' என்பது, தோலுக்கு வந்துவிடும். உள்ளே வயிறு குளிர்ந்து கிடக்கும். வெயிலில் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடி, குடலுக்குக் குறைகிறது என்று இன்றைய உடலியலும் சொல்கிறது. அந்த வயிற்றில் ஐஸ் தண்ணீரை ஊற்றி, இரவெல்லாம் ஏசியில் படுத்தால்? காலையில் வயிறு உப்புசம், பசியின்மை, இளகிய மலம். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் கோடை இஞ்சித் தேநீர். எல்லாருக்கும் அல்ல. இதைத் திரும்பவும் சொல்வேன்.

செய்முறை எளிது. ஒருவருக்குப் பத்து கிராம் பச்சை இஞ்சி, அதாவது மெல்லிய வில்லைகளாக நான்கைந்து. காய்ந்த சிவப்புச் சீன இலந்தை ஐந்து. கடையில் 'ரெட் டேட்ஸ்' என்று விற்பார்கள். பேரீச்சை இல்லை, அதை வாங்கிவிடாதீர்கள். இலந்தையை இருபது நிமிடம் ஊறவைத்து, கீறி, கொட்டையை எடுத்துவிட வேண்டும். முழுசாகப் போட்டால் தோல் தடிப்பாக இருப்பதால் சாறு இறங்காது. இனிப்பே இல்லாத தண்ணீர்தான் கிடைக்கும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். அரை லிட்டர் தண்ணீரில் இலந்தையையும் இஞ்சியையும் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, இருபது நிமிடம். முந்நூறு மில்லிக்குச் சுண்டியதும் இறக்கி வடிகட்டலாம். மண்பானை நல்லது, ஸ்டீலும் சரி. இரும்புச் சட்டி மட்டும் வேண்டாம்.

இப்போது தோல் விஷயம். இது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். இஞ்சிக்குத் தோல் நஞ்சு, சீவித்தான் போட வேண்டும் என்பது நம் சித்த மருத்துவம். சீனர்கள் அப்படிச் சொல்வதில்லை. சதை சூடு, தோல் குளிர்ச்சி. தோல் நீரைப் பிரித்து வெளியேற்றும் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே வயிறு குளிர்ந்து வலிப்பவர் தோலைச் சீவிவிட வேண்டும். கால் வீங்குகிறவருக்கோ தோலையே தனியாக மருந்தில் சேர்ப்பார்கள். சாதாரணமாகக் குடிப்பவர் நன்றாகத் தேய்த்துக் கழுவித் தோலோடு போடலாம், சூடு அளவோடு நிற்கும். இஞ்சிக்குப் பதில் சுக்கைப் போடலாமா? பச்சை இஞ்சி வியர்க்க வைக்கும், சுக்கு உள்ளே சூடேற்றும். சீன மருத்துவத்தில் இவை இரண்டும் தனித்தனி மருந்துகள். காயும்போது இஞ்சியின் காரப்பொருளான ஜிஞ்சரால், ஷோகாலாக மாறி இன்னும் உறைப்பாகிறது. கோடைத் தேநீருக்குச் சுக்கு அதிகப்படி.

எப்போது குடிப்பது? காலையில். காலையில்தான். "இரவு இஞ்சி பாஷாணம்" என்கிற அளவுக்குப் போகிறது அவர்களின் பேச்சு. கொஞ்சம் மிகைதான், ஆனால் ராத்திரி குடித்தால் உடம்பு சூடாகித் தூக்கம் கெடும் என்பதே அவர்கள் சொல்ல வருவது. காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலைக் கடுக்காய் என்பது நமக்கும் தெரிந்த கணக்குதானே! அளவும் முக்கியம். கன்பூசியஸ் சாப்பாட்டில் இஞ்சியை விலக்கியதில்லை, அதிகம் உண்டதுமில்லை என்கிறது அவர் மொழிகளின் தொகுப்பான 'லுன்யு'.

யாருக்கு ஆகாது? கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பாருங்கள். ஓரங்களில் பல் பதிந்த தடம், மேலே வெள்ளைப் படிவு என்றால் இந்தத் தேநீர் ஒத்துப்போகும். நாக்கு சிவந்து, மஞ்சள் படிவு, வாய்ப்புண், தொண்டை வலி, மலச்சிக்கல் என்றால் வேண்டாம். அவர்களுக்காகத்தான் தென்சீனாவின் குவாங்டாங் பக்கத்தில் கசப்பான குளிர்ச்சித் தேநீர்கள். அவற்றில் 'வோங் லோ காட்' என்னும் தேநீர் 1828 முதல் பெயர் பெற்றது. வெயிலில் மயங்கி விழுந்தவருக்கு இஞ்சி கொடுக்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பைக் குளிரவைத்து, மருத்துவ உதவிக்கு அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் இலந்தையை ஒன்றிரண்டாகக் குறைக்கட்டும்.

நேரம் நெருங்குகிறது என்று கை காட்டுகிறார்கள். சென்பி என்னும் பழைய ஆரஞ்சுத் தோலைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாக: ஸின்ஹுய் ஊர்த் தோல் பேர்போனது, மூன்று வருடமாவது பழகியிருக்க வேண்டும், ஒரு கோப்பைக்கு மூன்று கிராம் போதும். மீன், நண்டு தின்று வயிறு புரட்டினால் பெரில்லா என்னும் மூலிகையின் மணமுள்ள இலை. கொதித்த நீரில் மூடிவைத்து ஐந்து நிமிடம், அதற்குமேல் காய்ச்சினால் மணத்தோடு மருந்தும் போய்விடும். வணக்கம்.