எமிரேட்ஸா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸா? எகானமி சீட்டை நம்ம ஊர் பஸ்ஸை வைத்தே புரிந்துகொள்ளலாம்

[காட்சி: சேலம் புதிய பஸ் நிலையம், காலை. அருகருகே இரண்டு பஸ்கள்.]

வணக்கம். இந்த இரண்டு பஸ்ஸையும் பாருங்கள். வெளியே அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம். இதில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என்று வரிசைக்கு 5 சீட். அதில் இரண்டும் இரண்டுமாக 4 சீட். சென்னைக்குப் போக எதில் ஏறுவீர்கள் என்று கேட்டால் சேலத்துக்காரர் யாரும் யோசிக்க மாட்டார். ஆனால் 14 மணி நேரம் விமானத்தில் உட்காரப் போகிறோம் என்றால் மட்டும் கம்பெனி பெயரையும் விலையையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் செய்தேன். முதல் முறை அம்மாவை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனபோது விலை குறைவு என்று ஒரு டிக்கெட் போட்டேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அம்மாவுக்கு நடு சீட் வந்தது. பக்கத்தில் இருப்பவரை எழுப்பச் சங்கடப்பட்டு, ராத்திரி முழுக்க எழுந்திருக்கவே இல்லை. இறங்கும்போது கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. விமான நிலையத்தில் அம்மா வெறுங்காலோடு நின்றதை என்னால் மறக்க முடியாது. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன்.

[திரையில்: போயிங் 777 விமானத்தின் குறுக்குவெட்டுப் படம்]

எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டிடமும் போயிங் 777-300இஆர் என்ற விமானம் இருக்கிறது. ஒரே விமானம்தான். உள்ளே அகலம் ஏறக்குறைய 5.86 மீட்டர். அந்த அகலத்தில் எமிரேட்ஸ் 3-4-3 என்று வரிசைக்கு 10 சீட் போடுகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 3-3-3 என்று 9 சீட் போடுகிறது. பஸ் நிலையத்தில் பார்த்த அதே கணக்கு.

எமிரேட்ஸ் 777-இல் சீட் அகலம் சுமார் 17 அங்குலம். சிங்கப்பூர் 777-இல் அதைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் கூடுதல். இரண்டு விரலைச் சேர்த்து வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். ஆனால் பக்கத்தில் இருப்பவரின் தோள் நம் தோளில் உரசிக்கொண்டே வருமா, வராதா என்பதை அந்த இரண்டு விரல்தான் முடிவு செய்கிறது. கால் வைக்கும் இடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் உள்ள தூரத்தைப் பிட்ச் என்பார்கள், இரண்டிலும் அது 32 அங்குலத்தை ஒட்டியே வரும்.

இதை மட்டும் கேட்டுவிட்டு எமிரேட்ஸே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அவர்களிடம் ஏ380 என்ற இரட்டை அடுக்கு விமானம் இருக்கிறது. அதன் கீழ்த்தளத்திலும் 3-4-3 தான், ஆனால் உடல் இன்னும் அகலம் என்பதால் சீட் சுமார் 18 அங்குலம் கிடைக்கிறது. 2022 அக்டோபரில் அந்த விமானத்தைப் பெங்களூருவுக்கு ஓட்டத் தொடங்கினார்கள். தொப்பூர் கணவாய் ஏறி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போகிற நமக்கு இது நல்ல செய்தி.

பழைய 777-இலும் ஒரு நல்ல இடம் உண்டு. வால் பக்கம் விமானத்தின் உடல் குறுகுவதால், எமிரேட்ஸ் 777-இன் கடைசிச் சில வரிசைகள் 2-4-2 ஆகிவிடும். கணவன் மனைவி இருவர் மட்டும் போகிறீர்கள் என்றால் அந்த ஜன்னலோர ஜோடி சீட்டைத் தேடுங்கள். கழிவறை பக்கத்தில் இருக்கும், இறங்கவும் நேரமாகும். எனக்கு அது பரவாயில்லை. குழந்தைகளோடு நான்கு பேர் என்றால் நடுவில் இருக்கும் 4 சீட் மொத்தமும் உங்களுடையதாகிவிடும். அந்தக் குடும்பத்துக்கு 3-4-3 தான் வசதி.

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை. கார் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறது.]

சரி, இப்போது ஏற்காடு ஏறுவோம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பாதி வழியில் காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் திறக்கும். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். விமானத்துக்குள்ளும் இதேதான் நடக்கிறது. வெளியே 35,000 அடிக்கு மேல் பறந்தாலும், உள்ளே காற்றை அழுத்தி, ஒரு மலை மேல் இருக்கிற அளவுக்கு வைத்திருப்பார்கள். எந்த மலை என்பதுதான் கேள்வி.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,515 மீட்டர், அதாவது 5,000 அடிக்குக் கொஞ்சம் கீழே. 777 போன்ற அலுமினிய விமானங்களில் உள்ளே 8,000 அடி உயரம் வரை போகலாம். அது ஊட்டிக்கு மேலே, தொட்டபெட்டாவுக்குக் கீழே. ஏ350 விமானத்தில் 6,000 அடிதான், ஏற்காட்டிலிருந்து இன்னும் ஓராயிரம் அடி ஏறினால் போதும். அதன் உடலில் பெரும்பகுதி கார்பன் இழையால் ஆனது. உலோகம் போல அடிக்கடி அழுத்தம் ஏறி இறங்குவதால் சோர்ந்துபோகாது, ஈரம் பட்டால் துருப்பிடிக்கவும் செய்யாது. அதனால் உள்ளே அழுத்தத்தையும் ஈரப்பதத்தையும் கொஞ்சம் கூட்டி வைக்க முடிகிறது. தொண்டை வறட்சியும் தலைவலியும் குறைவதை அம்மா அவராகவே சொன்னார், நான் கேட்கவில்லை. வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதை ரொம்பவே கவனிக்க வேண்டும்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பல வருடங்களாக ஏ350 ஓட்டுகிறது. எமிரேட்ஸ் 2025 ஜனவரியில்தான் தொடங்கியது. இரண்டிலும் எகானமி 3-3-3. அந்த விமானம் கிடைத்துவிட்டால் இரண்டு கம்பெனிக்கும் நடுவே உள்ள இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும்.

[காட்சி: ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனை. கீழே சேலம் நகரம்.]

அப்புறம் திசை. மகன் மெல்போர்னில் இருக்கிறான் என்றால், சிங்கப்பூரிலிருந்து ஏழரை மணி நேரம்தான். எமிரேட்ஸில் துபாய் வழியாகப் போனால் முதலில் மேற்கே போய், பிறகு 13 மணி நேரத்துக்கு மேல் திரும்பக் கிழக்கே வரவேண்டும். லண்டன் என்றால் அப்படியே தலைகீழ்: துபாயிலிருந்து ஏழரை மணி நேரம், சிங்கப்பூரிலிருந்து 13, 14 மணி நேரம். சீட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தச் சுற்றை அது ஈடுகட்டாது. கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட் விமானமும் இருக்கிறது. அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் குறைந்த கட்டணக் கம்பெனி, முன் சீட்டில் திரை இருக்காது. ஆனால் சேலத்திலிருந்து கோவை பக்கம்.

சாப்பாடு, சினிமா பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டிலும் தமிழ்ப் படம் கிடைக்கும், எமிரேட்ஸின் திரை பெரிது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் கிரிஸ்ஃப்ளையர் என்ற அவர்களின் பயணிகள் சலுகைத் திட்டத்தின் உறுப்பினர்களுக்கு 2023 ஜூலையிலிருந்து எகானமியிலும் வைஃபை இலவசம், உறுப்பினர் ஆகவும் காசு இல்லை. சைவம் வேண்டுமென்றால் இரண்டிலும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகவே பதிந்துவிடுங்கள், ஏறியபின் கேட்டால் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கைப்பை இரண்டிலும் 7 கிலோ. ஆஸ்திரேலியா போகிறவர்கள் பாசத்தில் சேலத்து மாம்பழத்தைப் பெட்டியில் வைக்காதீர்கள், அங்கே பிடுங்கிவிடுவார்கள், அபராதமும் போடலாம்.

[திரையில்: செல்போனில் டிக்கெட் தேடும் பக்கம்]

இப்போது என் போனைப் பாருங்கள். அம்மாவுக்கு அடுத்த பயணத்துக்கான டிக்கெட் இது. விமான எண்ணுக்குப் பக்கத்தில் விவரம் என்று இருப்பதைத் தொட்டால் விமான வகை வரும். சில தளங்களில் வெறும் குறியீடாக இருக்கும்: 359 என்றால் ஏ350, 388 என்றால் ஏ380, 77டபிள்யூ என்றால் 777-300இஆர். இங்கே 359 என்று இருக்கிறது. நடு வரிசை மூன்றில் ஓர சீட்டை அம்மாவுக்கு எடுத்தேன், பக்கத்து நடு சீட் எனக்கு. ராத்திரி எத்தனை முறை எழுந்தாலும் அவர் யாரையும் எழுப்ப வேண்டாம். வீல்சேரும் பதிந்தாயிற்று, அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

குறைந்த விலை டிக்கெட்டில் சீட் தேர்வுக்குத் தனிப் பணம் கேட்பார்கள். கட்ட விருப்பமில்லை என்றால் கிளம்புவதற்கு 48 மணி நேரம் முன்பு ஆன்லைன் செக்-இன் திறக்கும், அந்த நிமிடமே போனை எடுத்துச் சீட்டைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே சீட் எடுத்தவர்களும் அப்போது ஒரு தடவை திறந்து பாருங்கள். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றினால் சீட் எண்ணும் மாறிப்போகும்.