நீண்ட ஆங்கிலச் சொல்லில் எந்த அசை கனக்கும்?

நேயர்களுக்கு வணக்கம்.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை, நீர்ப்பாசனத்தைக் குறிக்கிற ‘இறிகேசன்’ என்ற சொல்லைக் கேட்டே வளர்கிறது. அதே சொல் ஆங்கிலப் புத்தகத்தில் 10 எழுத்தோடு வந்தால் வாய் திக்குகிறது. எழுத்தைப் பாடமாக்கு என்கிறோம். அது எழுத உதவும்; வாய்விட்டு வாசிக்க அசை பிரிக்கத் தெரிய வேண்டும்.

வெண்பாவை அலகிடப் படிக்கிற பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். நேர், நிரை பிரித்த காது இதற்கும் உதவும். ஆனால் ஆங்கிலத்தில் ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, கணக்கு அவ்வளவுதான். நாடிக்குக் கீழே புறங்கையை வைத்து, ‘இ – றி – கே – சன்’ என்று ஆறுதலாகச் சொல்லிப் பாருங்கள். ‘கே’ வரும்போது நாடி நன்றாக இறங்கிக் கையை அழுத்தும். அழுத்தம் விழுகிற அசையும் அதுதான்.

தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்புக் கொடுக்கிறோம். ஆங்கிலம் ஒன்றை உரத்து, நீட்டிச் சொல்லும். மற்றவற்றின் உயிரொலி தேய்ந்துவிடும். ‘போட்டோகிராஃப்’ என்றால் முதலசை கனக்கும். ‘போட்டோகிராஃபர்’ என்றால் இரண்டாவது. ‘போட்டோகிராஃபிக்’ என்றால் மூன்றாவது. லண்டனிலோ கனடாவிலோ பிறந்த பேரப்பிள்ளை போனில் பேசுகிற ஆங்கிலம் பிடிபடவில்லை என்கிறார்கள் பலர். வேகத்தைக் குறை சொல்லாதீர்கள். இந்தத் தேய்வுதான் காதை ஏமாற்றுகிறது.

அழுத்தத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லின் வாலைப் பாருங்கள். ‘சன்’ என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்திய அசை: எடியுகேசனிலும் ‘கே’தான். ‘இக்’ என்று முடிந்தாலும் அப்படியே. ‘இற்றி’ என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்த ‘யூ – னி – வேர் – சி – ற்றி’யை ‘வேர்’ கனக்கச் சொல்லிப் பழகட்டும் பிள்ளைகள்.

விலக்குகளும் உண்டு. ‘டெலிவிசன்’, ‘பொலிற்றிக்ஸ்’ இரண்டிலும் முதலசைதான் அழுத்தம். கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாய பீடம் இருக்கிறதே, அந்த ‘அக்றிகல்ச்சர்’ என்ற சொல்லுக்கும் முதலசையே. சந்தேகம் வந்தால் உச்சரிப்புத் தருகிற அகராதியைத் திறவுங்கள். அழுத்தம் விழும் அசைக்கு முன்னால், மேல்பக்கத்தில் ஒரு சின்னக் கோடு நிற்கும். கருத்தைப் பார்க்க முன்னம் பிள்ளை அந்தக் கோட்டைத் தேடட்டும்.