திங்கள் முதல் வெள்ளி வரை, அப்புறம் மறுபடியும் திங்கள்

அவையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வணக்கம்.

'தொடக்கப் பள்ளி வகுப்பறையில் ஒரு வாரம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கலாம், ஒரு கல்வியாண்டைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கலாம். வாரம் என்று சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. கற்றல் நடந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் போதாது. பாடவேளை முடியும்போது குழந்தை சரியான பதில் சொன்னால், அது கற்றுவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பதில் சற்று முன்புதான் காதில் விழுந்தது, அதனால் நாக்கில் நிற்கிறது. மனத்தில் தங்கியதா என்று தெரிய நடுவில் சில இரவுகள் கழிய வேண்டும். ஆண்டு என்பது இன்னொரு எல்லை. மார்கழியில் புரியாமல் போனது சித்திரையில் தெரியவந்து என்ன பயன்? வாரத்துக்குள் மறப்பதற்கும் இடம் உண்டு, மறந்ததை மீட்பதற்கும் நேரம் உண்டு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு பாடத்தைத் தொடங்கிய அன்றே முடித்துவிடாதீர்கள். அது வாரம் முழுவதும் திரும்பத் திரும்பத் தலைகாட்டட்டும், அடுத்த வாரமும் ஒருமுறை வந்து போகட்டும். இதைப் பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிடுவோம். அதனால் ஒரே ஒரு கணக்கைக் கையில் எடுத்துக்கொள்கிறேன்: 52-இலிருந்து 27-ஐக் கழிப்பது. இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ வரும் கணக்கு. அதோடு ஒரு பக்கம் வாசிப்பு, ஈரத் துணியில் வைத்த ஒரு விதை. இந்த மூன்றும் ஒரு வாரத்தில் என்ன ஆகின்றன என்று பார்ப்போம்.

திங்கள் காலையில் வகுப்பு கொஞ்சம் சிதறித்தான் இருக்கும். இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. சொல்லட்டும். நடந்ததை முன்பின் மாறாமல், கேட்பவருக்குப் புரியும்படி சொல்வது மொழிப்பாடத்தில் பெரிய பங்கு. அதற்குக் கொடுக்கும் பத்து நிமிடம் வீணாகாது. அப்புறம் கரும்பலகையில் 58-இலிருந்து 23 என்று எழுதுங்கள். இது பழைய கணக்கு, போன வாரமே செய்தது. புதிய பாடம் எதன்மேல் உட்காரப் போகிறதோ அது அங்கே இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டுமே.

கேள்வியைக் கேட்டுவிட்டு நாம் என்ன செய்கிறோம்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவுசெய்து கேட்டுப் பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் இன்னொரு பிள்ளையிடம் போனார்கள், அல்லது தாங்களே பதிலைச் சொன்னார்கள். 1974-இல் அவர் இதை வெளியிட்டார். ஆசிரியர்கள் மூன்று வினாடியாவது பொறுத்த வகுப்புகளில் பதில்கள் நீளமாயின, பதிலே வராமல் போவது குறைந்தது, பிள்ளைகள் தாங்களாகவே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். இப்போது நான் மூன்று வினாடி பேசாமல் நிற்கிறேன், பாருங்கள்.

எவ்வளவு நீளமாக இருந்தது! பேசிப் பழகியவர்களுக்கு இந்த மௌனம் கஷ்டம். ஆனால் யோசிக்கிற குழந்தைக்கு அதுதான் வேலை நேரம். முதலில் கை தூக்குகிற மூன்று நான்கு பிள்ளைகளை வைத்தே வகுப்பை நடத்திவிட்டால், மீதிப் பேருக்கு அன்று வகுப்பே நடக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை 52-இலிருந்து 27. நான் அதிக நேரம் நிற்க விரும்புவது இந்த நாளில்தான். சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். பலர் 35 என்று எழுதுவார்கள். 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போகத் தோன்றும். ஒரு நிமிடம். 35 எப்படி வந்தது? ஒன்றின் இடத்தில் 2-ம் 7-ம் இருக்கின்றன. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 5. பத்தின் இடத்தில் 5-இலிருந்து 2 போனால் 3. ஆக 35. இந்தக் குழந்தை எதையும் கவனிக்காமல் விடவில்லை. 'பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்ற விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. நேற்றுச் செய்த 58-இலிருந்து 23-க்கு அந்த விதி சரியான விடையைத்தான் கொடுத்தது. போன வாரம் முழுக்க அதற்குச் 'சரி' போட்டது நாம்தான். இன்றைக்கு அது செல்லாது என்பது குழந்தைக்கு எப்படித் தெரியும்?

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் பிள்ளைகளின் கழித்தல் பிழைகளை எடுத்து இப்படித்தான் அலசினார்கள். பல பிழைகளில் ஓர் ஒழுங்கு இருந்தது. தவறான ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றியதால் வந்த விடைகள் அவை. அந்த விதியைக் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த கணக்கில் அந்தப் பிள்ளை எந்தத் தவறான விடையை எழுதும் என்றுகூட முன்கூட்டியே சொல்லிவிடலாம். என்னைக் கேட்டால், தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இதைவிட உதவியான செய்தி இல்லை. தப்பான விடை குழந்தையின் மனம் எப்படி ஓடுகிறது என்று நேராகக் காட்டுகிறது. சரியான விடை அவ்வளவு காட்டுவதில்லை, அது பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தும் வந்திருக்கலாம்.

ஆகவே 35 என்று எழுதிய பிள்ளையைக் குச்சிகளிடம் அழைத்துப் போங்கள். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு குச்சி. 'இதிலிருந்து 27-ஐ எடு' என்று மட்டும் சொல்லுங்கள். ஏழு உதிரிக் குச்சி வேண்டும், இருப்பதோ இரண்டு. குழந்தை விழிக்கும். பேசாமல் இருங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழை எடுத்தால் ஐந்து மிச்சம், இரண்டு கட்டை எடுத்தால் இரண்டு கட்டு மிச்சம். 25. 'முதலில் 35 என்றாயே, எது சரி?' என்று கேளுங்கள். இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துக் குழந்தையே தீர்ப்புச் சொல்ல வேண்டும். நாம் சொல்லிவிட்டால் நம் சொல்லுக்காக ஒப்புக்கொள்ளும், அடுத்த நாள் பழைய விதிக்கே போய்விடும்.

கையால் செய்வது, படமாகப் பார்ப்பது, குறியீடாக எழுதுவது என்று அறிவு மூன்று வடிவம் எடுப்பதாக ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் எழுதினார். நாம் செய்யும் அவசரம் என்னவென்றால், குச்சியைச் செவ்வாய் காலையில் காட்டிவிட்டு, செவ்வாய் மதியமே எண்ணுக்குப் போய்விடுகிறோம். புதன்கிழமையும் குச்சி இருக்கட்டும். கட்டுக்கு நீளக் கோடு, உதிரிக்குப் புள்ளி என்று படம் போடட்டும். எண்ணை மட்டும் வைத்துச் செய்வது வியாழக்கிழமை வந்தால் போதும். சில பிள்ளைகளுக்கு அடுத்த வாரம்கூட வரலாம்.

புதன்கிழமைக்கு வாசிப்பை எடுத்துக்கொள்வோம். பிள்ளை எழுத்துக்கூட்டி ஒரு பக்கத்தை வாசித்து முடிக்கிறது. 'என்ன வாசித்தாய்?' என்றால் திருதிருவென்று விழிக்கிறது. புத்தி இல்லாமல் இல்லை. எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்குவதிலேயே மனத்தின் முழு பலமும் செலவாகிவிட்டது, பொருளைப் பிடிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. ஜே சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் 1979-இல் இதற்கு ஒரு எளிய வழி சொன்னார்: சிறிய பகுதியாக எடுத்து, சரளம் வரும்வரை அதையே மறுபடி மறுபடி வாசிப்பது. ஒரு வகுப்பில் இதை வாரத்துக்குப் பரப்பிக்கொள்ளலாம். திங்கள் ஆசிரியர் வாசிக்கக் கேட்டது, செவ்வாய் சேர்ந்து வாசித்தது, புதன் பக்கத்துத் தோழனுக்கு வாசித்துக் காட்டுவது, எல்லாமே அதே பக்கம்தான். 'ஒரே பக்கத்தையா மூன்று நாளாக வாசிக்கிறார்கள்?' என்று கவலைப்படும் பெற்றோருக்கு நான் சொல்வேன்: புதன்கிழமை வாசிக்கும் அதே குழந்தை பூனை பேசும் இடத்தில் குரலை மாற்றும். அந்த இடத்தில் பொருள் புரிந்துவிட்டது.

வியாழனுக்கு விதை. ஈரத் துணியில் வைத்த அவரையோ பயறோ இதற்குள் முளை விட்டிருக்கும். தினமும் அதைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் இரண்டாம் நாளே இலை வரைந்திருப்பார்கள், துணியில் இலையே இருக்காது. செடிக்கு இலை உண்டு என்று அவர்களுக்குத் தெரியும், தெரிந்ததை வரைந்துவிட்டார்கள். 'மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வா' என்பதைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை. முதலில் வெளியே வருவது வேர், தண்டும் இலையும் பிறகுதான். அதைத் தன் கண்ணால் கண்டுபிடித்த பிள்ளைக்கு அறிவியல் என்றால் என்ன என்று நாம் தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம். இந்தப் பாடத்தை ஒரே பாடவேளையில் முடிக்க யாராலும் முடியாது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை வாராந்திரத் தேர்வு. தேர்வே கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை: கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்தினார்கள். நினைவிலிருந்து எடுக்கும் முயற்சியே நினைவைப் பலப்படுத்துகிறது. சிறு பிள்ளைகளுக்கு 'தெரிந்ததை எழுது' என்றால் மட்டும் போதாது, பிடித்துக்கொண்டு வர ஒரு கேள்வி வேண்டும், ஒரு படம் வேண்டும். ஆனால் வழி அதேதான்.

மனம் கலங்குவது மதிப்பெண்ணைப் பார்த்துத்தான். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-இல் பள்ளி மாணவர்களை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார். ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவுக்கு எதை எப்படி மேம்படுத்தலாம் என்ற குறிப்பு மட்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டையும் பெற்றவர்களுக்குக் குறிப்பின் பலன் கிடைக்கவில்லை. எண் இருந்தால் கண் அங்கேதான் போகிறது. ஏழு வயதுக் குழந்தையின் நோட்டில் பத்துக்கு நான்கு என்று எழுதுவதைவிட, 'கட்டை அவிழ்த்தாயா? மூன்றாவது கணக்கை மறுபடி பார்' என்று ஒரு வரி எழுதுங்கள். நேரம் பிடிக்கும், எனக்குத் தெரியும். நாற்பது நோட்டில் முடியாவிட்டால் எட்டு நோட்டில் எழுதுங்கள், அடுத்த வாரம் வேறு எட்டு.

சனி, ஞாயிறு. யாரும் பாடம் நடத்தாத இந்த இரண்டு நாளும் வாரத்தைச் சேர்ந்தவைதான். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் அறிஞர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்மேலேயே அளந்து 1885-இல் ஒரு நூலாக வெளியிட்டார். மறதி முதலில் வேகமாக நடக்கிறது, போகப் போக மெதுவாகிறது. அந்த நூலில் இன்னொன்றும் உண்டு. மறந்துபோனது என்று தோன்றுவதை மறுபடி கற்கும்போது முதல் முறையைவிடக் குறைந்த நேரமே ஆகிறது. ஒரே மூச்சில் கற்பதைவிட இடைவெளி விட்டுக் கற்பது அதிகம் நிற்கிறது என்பதையும் அவர் கண்டார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த திங்களுக்கு வாருங்கள். 61-இலிருந்து 38 என்று எழுதுகிறீர்கள். வெள்ளிக்கிழமை சரியாகச் செய்த பிள்ளை 37 என்று எழுதுகிறது. மறுபடியும் பெரியதிலிருந்து சிறியது! எத்தனை ஆசிரியர்கள் இந்த இடத்தில் சோர்ந்து போயிருப்பார்கள். 'போன வாரம்தானே சொல்லிக் கொடுத்தேன்' என்று குரல் உயரும் இடமும் இதுதான். பேசாமல் குச்சிகளை மேசைமேல் வையுங்கள். போன செவ்வாய் அரை மணி நேரம் பிடித்தது இப்போது சில நிமிடங்களில் நடக்கும். பல பிள்ளைகள் குச்சியைப் பார்த்த உடனே, தொடாமலே, 'ஓ, கட்டை அவிழ்க்கணும்' என்று தாங்களே 37-ஐ அழித்து 23 என்று எழுதுவார்கள். மறந்து மீட்ட இந்த 23 தான் நிற்கப் போகிறது.

'பாடத்திட்டத்தை யார் முடிப்பது?' என்று உங்களில் பலர் கேட்க நினைக்கிறீர்கள். நியாயமான கேள்வி. புத்தகம் தடிமனாக இருக்கிறது, நாள்கள் குறைவு. நான் கேட்பது தினமும் காலையில் ஏழெட்டு நிமிடம். நேற்றைய கேள்வி ஒன்று, போன வாரக் கேள்வி ஒன்று, போன மாதக் கேள்வி ஒன்று, மூன்றும் கரும்பலகையில் இருக்கட்டும். புத்தகத்தை முடித்துவிட்டு ஆண்டுக் கடைசியில் திருப்புதலுக்கென்று ஒதுக்கும் வாரங்களை இந்த ஏழெட்டு நிமிடங்களாக உடைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் நேரம் தேவைப்படாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மாலையில் 'இன்னைக்கு என்ன படிச்ச?' என்று கேட்கிறீர்கள், 'ஒண்ணுமில்ல' என்று பதில் வருகிறது. அதற்குப் பதிலாக, போன வாரப் பக்கத்திலிருந்து ஒரு கணக்கை எடுத்துக் கொடுங்கள். விடை தப்பாக இருந்தால் திருத்த வேண்டாம், நோட்டைப் பிடுங்க வேண்டாம். 'இது எப்படி வந்துச்சு, எனக்குச் சொல்லு' என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். சொல்லிக்கொண்டே வரும்போது பாதி பிழைகளைக் குழந்தையே பிடித்துவிடும். மீதியை ஒரு துண்டுச் சீட்டில் குழந்தை சொன்னபடியே எழுதி, மறுநாள் ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். அந்தச் சீட்டுக்காகக் காத்திருக்கும் ஆசிரியர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வணக்கம்.