சல்லியும் சொப்பிங் பையும்

அன்பான ஊரவர்களே,

மாரி முடிந்த கையோடு எங்கள் உள்வீதிகள் கிடக்கும் கிடையைப் பாருங்கள். ஏ9 வீதியில் வாகனம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அதிலிருந்து குளக்கட்டுப் பக்கம் திரும்பினால் கிரவல் கரைந்து, கிடங்கும் சேறும்தான். வீதியோர வேலியில் சொப்பிங் பையும் பிஸ்கட் உறையும் சிக்கிக் கிடக்கின்றன. மாடுகள் அவற்றைத் தின்று வயிறு ஊதிச் சாகின்றன. இந்த இரண்டு தொல்லைகளையும் சேர்த்தே பார்க்கலாம்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைச் சேர்த்துத் தார் வீதி போடலாம் என்று செய்துகாட்டினார். 2002இல் கல்லூரி வளாகத்திலேயே வீதி போட்டார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

முறை எளிது. சல்லியை 160, 170 பாகை வரை சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவுகிறார்கள். அது இளகி ஒவ்வொரு கல்லையும் மெல்லிய தோலாக மூடிக்கொள்கிறது. பிறகுதான் தார். தார் வீதிக்குப் பெரிய எதிரி தண்ணீர். கல்லின் நுண்துளைகளுக்குள் ஈரம் ஏறினால் தார் கழன்றுவிடும். பூச்சு அந்தத் துளைகளை அடைக்கிறது, தாரையும் இறுகப் பிடிக்கிறது. ஒற்றைத்தட வீதி ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு தொன் பிளாஸ்டிக் போகும்.

ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்கும் ஆகாது. பொலித்தீன் பை, யோகட் கோப்பை போன்றவை சரி. பீவீசீ குழாய்த் துண்டு கூடவே கூடாது. சூட்டில் அது ஐதரசன் குளோரைட்டு வாயுவைக் கக்கும், தார் போடும் தொழிலாளியின் நெஞ்சுக்குள்தான் அது போகும். குழம்பு ஒட்டிய உறையும் உதவாது. கழுவி, காயவைத்து, தனிச் சாக்கில் போட வேண்டும். அதாவது வேலை எங்கள் குசினியில் தொடங்குகிறது. தாய்மாரிடம் மட்டும் இதைக் கேட்கவில்லை, வீட்டில் சாப்பிடுகிற எல்லோரிடமும் கேட்கிறேன். பின்வளவில் பொலித்தீன் எரிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் புகை முதலில் பிள்ளைகளைத்தான் பிடிக்கும்.

வீதிக்கு உதவுமென்று பொலித்தீனைக் கூடுதலாக வாங்கவும் வேண்டாம். வளவில் வாழை நிற்கும்போது சோற்றுப் பார்சலுக்கு லஞ்ச் சீற் எதற்கு?

பிரதேச சபையிடம் நான் கேட்பது இதுதான். பிளாஸ்டிக் சாக்குகளை ஏற்றத் தனி நாள் ஒதுக்குங்கள். ஒரு சிறு துண்டு வீதியைச் சோதனையாகப் போடுங்கள். பக்கத்திலேயே வழமையான தார் வீதியும் அதே நீளத்துக்கு இருக்கட்டும். முதல் துண்டைக் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் தள்ளியே போடுங்கள். வீதி தேயும்போது பிளாஸ்டிக் துகள் தண்ணீரில் சேருமோ என்ற பயம் நியாயமானது. ஒரு மாரி கழியட்டும். பிறகு இரண்டு துண்டுகளையும் ஊரவர் முன்னால் அளந்து பார்த்து, அடுத்த வீதியைத் தீர்மானிப்போம்.