நாடு தெரியும், ஊர் தெரியாது

(தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வழியனுப்பு விழாவில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் ஐயா அவர்களே, கோயில் தர்மகர்த்தா அவர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, மகளிர் அணித் தலைவி அம்மா அவர்களே (அம்மா இல்லையென்றால் இன்று வடை இல்லை), மைக்கை மூன்று முறை சரிசெய்த தம்பி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் பொருளாளர் பெயரை விட்டுவிட்டு ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. பொருளாளர் அவர்களே, உங்களுக்குத் தனி வணக்கம்.

நம் பிள்ளைகள் இருவர் வெளிநாட்டுக்குத் தொண்டர்களாகப் போகிறார்கள். மலாவி நாடு என்பது தெரியும். எந்த ஊர், யார் வீடு என்று இன்னும் தெரியாது. "ஊர் பேர்கூடத் தெரியாமல் பெண்ணை எப்படி அனுப்புவது?" என்று ஒரு தாயார் காலையில் கேட்டார். நியாயமான கேள்வி. மூன்று விஷயம் சொல்கிறேன்: ஊர் எப்படித் தெரியவரும், போன இடத்தில் எப்படி இருப்பது, திரும்பி வந்து என்ன செய்வது.

ஊர் தெரியாமல் கிளம்புவது நமக்குப் புதிதா? 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. எந்தக் கரும்புத் தோட்டம், எந்த முதலாளி என்பது அதில் வந்தவர்களுக்குக் கரையிறங்கிய பிறகுதான் தெரிந்தது. அப்புறம் 1950-இல் குழுப் பகுதிச் சட்டம், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று அரசாங்கமே பிரித்தது. டர்பனில் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகஸீன் பேரக்ஸில் இருந்த என் அப்பாவுக்கு ஒருநாள் கடிதம் வந்தது. யூனிட் எண், வீட்டு எண், அவ்வளவுதான். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகளே, நீங்கள் காத்திருப்பது நீங்களே கேட்டு வாங்கும் கடிதத்துக்கு.

என் கொழுந்தியாள் மகள் அமெரிக்காவில் பிறந்தவள். அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பான பீஸ் கோரில் சேர்ந்தாள். 1961-இல் கென்னடி தொடங்கியது, 1997-இல் நம் நாட்டுக்கும் வந்தது. அமைதிப் படை என்று தமிழில் சொல்லலாம். சொன்னால், அந்தப் பெயரில் வந்த இந்திய ராணுவத்தை நினைத்து யாழ்ப்பாணத்து நண்பர்கள் எழுந்து போய்விடுவார்கள். மொத்தம் 27 மாதம். முதல் மூன்று மாதம் ஒரு கிராமத்து வீட்டில் தங்கி மொழிப் பயிற்சி. அது முடியும் தறுவாயில்தான் ஊர் அறிவிப்பு. தரையில் சுண்ணாம்பால் தென்னாப்பிரிக்கா படம் வரைந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கவர் கொடுத்து, அந்தந்த ஊரில் போய் நிற்கச் சொன்னார்களாம்.

நாங்கள் டர்பன் பக்கம் என்றே முடிவு கட்டியிருந்தோம். என் மனைவி பின்னறையைக் காலிசெய்து புது மெத்தை வாங்கிவிட்டாள். இரவு போன் வந்தது. "பெரியப்பா, ஜோசினி பக்கம் ஒரு கிராமம். வீட்டில் ஒன்பது பேர். தண்ணீர்க் குழாய் இல்லை, ஜோஜோ என்கிற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிதான்." பெரிய அணைக்கட்டு இருக்கிற ஊரில் தண்ணீர் இல்லை என்பது தனிக்கதை. என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: "அங்கே சாம்பார்ப் பொடி கிடைக்குமா?"

விட்டோமா? மெத்தையைக் காரின் மேல் கட்டினோம். அரிசி மூட்டை, குக்கர், ஊறுகாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு வடக்கே நாலு மணி நேரம் ஓட்டினேன். அந்த வீட்டுப் பாட்டி, கோகோ என்பார்கள், அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்டிலில் பூப்போட்ட போர்வை விரித்து, வாசலில் நின்றார். நாங்கள் அவர் விரித்ததைச் சுருட்டிக் கீழே வைத்துவிட்டு எங்கள் மெத்தையைப் போட்டோம். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம்!

அதோடு நின்றதா? அந்த அம்மாளிடம் நாலு வார்த்தை பேச வேண்டுமே என்று அந்தப் பக்கத்து மொழியான ஜூலுவில் எனக்குத் தெரிந்ததை ஆரம்பித்தேன். பெண் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். கோகோ பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு என்னவோ சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. பெண்தான் தமிழில் சொன்னாள்: "பெரியப்பா, நீங்கள் எந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தீர்கள் என்று கேட்கிறார்."

நான் பேசியது ஃபனகலோ. தோட்டத்திலும் சுரங்கத்திலும் வேலை வாங்குவதற்கென்று இருந்த அரைகுறை மொழி. அதில் 'போ', 'தூக்கு', 'சீக்கிரம்' நன்றாக வரும். ஒரு பாட்டியிடம் நலம் விசாரிக்க வராது. பெரியவர்களைப் பன்மையில் 'சனிபோனானி' என்று வணங்க வேண்டும், நம் 'நீங்கள்' மாதிரி. கொடுப்பதை வலது கையில் வாங்கி இடது கையால் தாங்க வேண்டும், நம் வீட்டில் திருநீறு வாங்குவது போலவே. மூன்று மாதம் படித்த பெண்ணுக்கு இது தெரியும். எழுபது வருடம் இந்த மண்ணில் இருந்தவனுக்குத் தெரியவில்லை. ஒண்ட வந்த பிடாரி யார், சொல்லுங்கள்!

அதனால்தான் கமிட்டியிடம் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலை இந்த மண்டபம் சும்மாதான் கிடக்கிறது. தமிழ் வகுப்பு சனிக்கிழமை நடக்கட்டும், அதில் யாரும் கை வைக்கவில்லை. வியாழன் ஜூலு வகுப்பு வேண்டும். சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியை வீடு தேடி வந்து சம்மதம் சொல்லியிருக்கிறார். இருபது பேர் சேர்ந்தால் மண்டப வாடகை வேண்டாம் என்று தலைவர் போன கூட்டத்தில் சொன்னார். இப்போது தலையசைக்கிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். நகர்மன்ற உறுப்பினரும் சாட்சி.

மலாவி போகும் பிள்ளைகளே, அங்கே சிச்செவா பேசுவார்கள். கவர் வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே ஆரம்பியுங்கள். மூன்றாவது விஷயம் ஒன்று பாக்கி. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதை அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன்.

வாசலில் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பெயர் என்னுடையது. பத்தொன்பது வரி காலியாக இருக்கிறது. பொருளாளர் அவர்களே, பேனா உங்களிடம்தானே இருக்கிறது?